ரேஷன் கடைச் சுவரில் எட்டுப் பாம்புகள்

கடித்த பாம்பைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, இது எந்தப் பாம்பு என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதிலைத்தான் அனுப்புவேன். பெயர் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஓய்வு பெற்ற பிறகும் இப்படிப் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அனுப்புகிறவர்களில் பலர் என் பழைய துறையின் இளம் சுகாதார ஆய்வாளர்கள். அவர்களில் ஒருவரான பிரகாஷ், போன மாதம் செஞ்சி பேருந்து நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சார், கோச்சிக்காதீங்க. இத்தினி வருஷமா பாம்பு, பறவன்னு எழுதனவரு ஒரு போட்டோவ பாத்து பேர் சொல்ல மாட்டேன்றாரு, ரொம்ப பிகு பண்றாருன்னு பசங்க பேசிக்கறாங்க.”

“பிகு இல்ல தம்பி.”

“இப்ப போன்லயே ஆப் வந்துடுச்சு சார். போட்டோவ போட்டா அதுவே பேர் சொல்லுது. அதுக்கு இருக்கற தைரியம் உங்களுக்கு இல்லியா?”

“இல்ல.”

“அப்ப ஏன் இல்லன்னாவது எங்க செய்தி மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க.”

ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொன்னேன். அடங்கவில்லை.

நான் சுகாதாரத் துறையின் விளம்பரப் பிரிவில் ஓவியனாக இருந்தேன். தளவானூர்ப் பக்கத்துக் கிராமம். நைனாவுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது, கூலி வேலை. சென்னையில் ஓவியப் படிப்பு, பிறகு விழுப்புரத்தில் சினிமா தட்டியும் கடைப் பலகையும் எழுதும் ஒரு கூடத்தில் கொஞ்ச காலம், பிறகு இந்த வேலை. படம் போடுவது ஒரு வேலை என்பதை நைனா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அரசாங்கச் சம்பளம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

வேலை கிடைத்ததும் செஞ்சியில் வீடு பார்த்துக்கொண்டேன். விடிந்ததும் செட்டிக்குளம் வரை நடந்து, கோட்டை மலையான ராஜகிரியின் அடிவாரத்தில் பாறை ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். பார்த்ததை அன்றைக்கே நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பக்கக் கட்டுரை, கூடவே மைப்பேனாவில் ஒரு படம். திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு சிறு இதழ் அதை வெளியிட்டது. எதையும் அதன் உண்மை அளவிலேயே வரைவேன். அதனால் தேன்சிட்டு முழுதாக வரும், கௌதாரிக்குத் தலையும் மார்பும் வரும். மயிலை இருபது வருடத்தில் ஒருமுறைகூட முழுதாக வரையவில்லை. பக்கத்தில் இடம் போதாது.

அலுவலக வேலை சுவர் எழுதுவது. பிளெக்ஸ் வருவதற்கு முன்பும், வந்த பிறகும் கிராமங்களில் சுவர்தான் நின்றது. முதலில் பழைய சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். கையை வைத்துத் தேய்த்தால் வெள்ளை ஒட்டக்கூடாது. விரிசலைப் பட்டி வைத்து அடைத்து, காயவிட்டு, தேய்த்து, வெள்ளை இரண்டு கை பூச வேண்டும். நீலப்பொடி தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். எழுத்துக்கு மேல் கோடு, கீழ்க் கோடு. படத்துக்குக் கட்டம். கரியால் வரைந்து, துணியால் தட்டி, மங்கலாகத் தெரியும்போது எனாமல் எடுக்க வேண்டும். எந்தத் திசைச் சுவர் என்று பார்ப்பது முக்கியம். மேற்கு பார்த்த சுவரில் சாயங்கால வெயில் நேராக விழும். வெயிலுக்கு முதலில் போகிற நிறம் சிவப்பு. இரண்டு கோடையில் ரோஜாவாகி, பிறகு அழுக்கு வெள்ளையாகிவிடும். கறுப்பு கடைசி வரை நிற்கும். சுவர் எழுதுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

நான் அதிகக் காலம் வேலை பார்த்தது டாக்டர் வசந்தியின் கீழ். செஞ்சிக்குத் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் மருத்துவ அலுவலர். குள்ளமானவர், பேச்சும் குள்ளம். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். மூன்றாவது முறை கேட்க வைத்தவர்கள் யாரும் இல்லை.

சேர்ந்த புதிதில் போலியோ சொட்டு மருந்துச் சுவர் ஒன்று எழுதினேன். நாள், இடம், வயது எல்லாம் எழுதிய பிறகு மூலையில் ஒரு சாண் இடம் மீந்தது. அன்று காலை பார்த்த ஊதாத் தேன்சிட்டை அங்கே வரைந்துவிட்டேன். மறுநாள் டாக்டர் அங்கே ஜீப்பை நிறுத்தி, தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“இந்தச் செவுத்துல இன்னாம்மா எழுதியிருக்குது?”

“குருவிம்மா.”

“எழுத்த கேட்டேன்.”

“குருவிய பத்தி ஏதோ எழுதியிருக்காங்கம்மா.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆர்ட்டிஸ்ட், ஜனங்க மொதல்ல படத்தத்தான் பாப்பாங்க. படத்த பாத்துட்டா எழுத்துக்குப் போக மாட்டாங்க. குருவிய அழிச்சிடுங்க.” அழித்தேன். அவருக்கு ரசனை இல்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்.

பாம்புக்கடிக்கு வருகிறவர்களை அவர் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நெல்லும் வேர்க்கடலைக் கொல்லையும் பாறையும் கலந்த பூமி, பாம்புக்குக் குறைவில்லை. கடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்கள் அடித்த பாம்பையும் பையில் போட்டு எடுத்து வருவார்கள். டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “வெளிய வெய்யி” என்பார். பிறகு முதல் கேள்வி, “எப்ப கடிச்சுது?” எந்தப் பாம்பு என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் ரத்தம் எடுத்து மேசையில் வைப்பார். பக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். இருபது நிமிடம் யாரும் மேசையைத் தொடக்கூடாது. சாய்ந்து நின்றவரை ஒருமுறை தோளைப் பிடித்துத் தள்ளியே விட்டிருக்கிறார். நேரம் ஆனதும் சீசாவை மெல்லச் சாய்ப்பார். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. அதற்கிடையில் கடிபட்டவரிடம், “மேல பாரு. பாத்துக்கினே இரு” என்பார். இமை தானாக இறங்குகிறதா என்று கவனிப்பார். பிறகு, “ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணு.” எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்வார். சற்று நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்வார். எண்ணிக்கை குறைந்தால் விஷம் நரம்புக்குப் போயிருக்கிறது.

ஒருநாள் நானே கேட்டேன், பாம்பைப் பார்த்தால் சுலபமாயிற்றே என்று.

“நாலு பாம்பு விஷத்துக்கும் சேத்து ஒரே மருந்துதான் நம்மகிட்ட இருக்குது. அப்புறம் எனக்குப் பேரு எதுக்கு? கடிபட்ட ஆளுதான் எனக்குச் சொல்லணும், பாம்பு சொல்ல வேணாம்.”

அவருக்குப் பாம்பு தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. காலை நடையில் நான் பார்க்கிற பாம்புகளில் பாதி, சாலையோரம் அடித்துப் போடப்பட்டவை. சாரை, மண்ணுளி, வெள்ளிக்கோல் வரையன் என எல்லாம் விஷமில்லாதவை. வெள்ளிக்கோல் வரையன் பல்லி தேடி வீட்டுக்குள் வரும் சின்னப் பாம்பு. கரிய உடம்பில் வெள்ளைப் பட்டை இருப்பதால் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுவார்கள். இதழில் இதைப் பற்றிப் பலமுறை எழுதினேன். அதைப் படிக்கிறவர்கள் பாம்பை அடிக்கிறவர்கள் அல்ல.

அதனால், பாம்புக்கடி விழிப்புணர்வுக்குச் சுவர் எழுத உத்தரவு வந்தபோது என் திட்டத்தை டாக்டர் முன் வைத்தேன். எட்டுப் பாம்புகள், நான்கு ஜோடி. மேலே விஷமுள்ளது, அதன் கீழே அதைப் போலவே தோன்றும் விஷமில்லாதது. நல்லபாம்புக்குக் கீழே சாரை. கட்டுவிரியனுக்குக் கீழே வெள்ளிக்கோல் வரையன். கண்ணாடி விரியனுக்குக் கீழே மண்ணுளி. சுருட்டை விரியனுக்குக் கீழே பூனைப்பாம்பு. ஒவ்வொன்றுக்கும் அடையாளம் ஒரே வரியில். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வெறும் கறுப்பு, பட்டை உடம்பில் கொஞ்ச தூரம் தள்ளித்தான் தொடங்கும். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலிருந்தே பட்டை.

டாக்டர் வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்தார். “நல்லா போட்டிருக்கீங்க” என்றார். அவர் வாயிலிருந்து அபூர்வமாக வருவது அது. பிறகு, “வேணாம்” என்றார்.

“ஏன் மேடம்?”

“இத பாத்துட்டு, இது விஷமில்லன்னு எவனாவது வூட்லயே உக்காந்துட்டா?”

“தெரியாம இருக்கறத வுட தெரிஞ்சிக்கறது நல்லதுதானே மேடம். ஜனங்க பயந்துக்கினே எத்தன காலம் இருப்பாங்க?”

“பயந்தாதான் என்கிட்ட வருவாங்க.”

நான் விடவில்லை. மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினேன். மேலதிகாரிகளுக்குப் பிடித்துப்போனது. டாக்டர் ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். எல்லாப் படங்களுக்கும் மேலே, முழு அகலத்துக்கு, பெரிய எழுத்தில் ஒரு வரி: எந்தப் பாம்பு கடித்தாலும் உடனே மருத்துவமனைக்கு வா.

“எந்த நெறத்துல மேடம்?”

“ஆபத்துன்னா செவப்புதான்.”

“செவப்பு வெயில்ல நிக்காது.”

“வருஷா வருஷம் பூசிக்கலாம்.”

எனக்கும் சரியென்றே பட்டது. எச்சரிக்கையைக் கறுப்பில் எழுதி நான் பார்த்ததே இல்லை.

அனந்தபுரம் போகும் வழியில் உள்ள ஒரு ஊரில் ரேஷன் கடையின் பக்கச் சுவர் கிடைத்தது. வரிசையில் நிற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் பார்க்கிற சுவர். மேற்கு பார்த்தது. எதிரே வேப்பமரத்தடியில் ஏழுமலையின் பஞ்சர் கடை. ஏணி அவரிடம்தான் வாங்கினேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். வேலை இல்லாதபோது எதிரே வந்து நின்று மேற்பார்வை பார்ப்பார்.

“சார், நல்லபாம்புக்குக் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சா போடுங்க. ரேஷன்ல சக்கர இல்லன்னு ஜனங்க கடுப்புல நிக்கும்.”

“சிரிக்கிற பாம்ப நான் பாத்ததில்லயே.”

“எங்க மாமியார வந்து பாருங்க.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் மனைவி கன்னியம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தார். “சார், அந்தாளு பேச்ச கேட்டுக்கினு இருந்தா பாம்புக்கு மீச வெச்சிடுவீங்க” என்றார்.

ஆனால் ஏழுமலை வெறும் வாய் மட்டும் அல்ல. ஒவ்வொரு அடையாளத்தையும் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டார். வெள்ளிக்கோல் வரையனுக்கு நான் பட்டை எடுத்தபோது பக்கத்தில் வந்து, விரலால் தொடாமல் கணக்குப் பார்த்தார். சுவர் முடிந்து சில வாரங்களில் எனக்குப் போன் வந்தது.

“சார், பாம்பு செவுரு ஏழுமல பேசறேன். நேத்து பக்கத்து வூட்ல ஒண்ணு வந்துச்சு. அடிக்கப் போனானுங்க. நில்றா, கழுத்த பாருடான்னேன். வெள்ளிக்கோல் வரையன் சார். பக்கெட்ல போட்டு ஏரிக்கரைல வுட்டுட்டேன்.”

அதன் பிறகு இந்த மாதிரிப் போன் அடிக்கடி வந்தது. சந்தேகமாக இருந்தால் பாம்பைப் பக்கெட்டில் போட்டு, பலகையால் மூடிச் சுவருக்கே எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்ப்பாராம். ஊரில் பாம்பு வந்தால் கம்பு தேடுவதற்கு முன் ஏழுமலையைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. இதழில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதை வெட்டி, காற்றடிக்கும் பம்புக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். என் எழுத்தை யாராவது சுவரில் ஒட்டி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

மறுபூச்சுக்கு ஒப்புதல் முதல் வருடம் வரவில்லை. இரண்டாம் வருடமும் வரவில்லை. எழுதிக் கேட்டேன், டாக்டரும் எழுதினார். அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்ப்பேன். கறுப்புக் கோட்டில் வரைந்த எட்டுப் பாம்புகளும் நேற்று எழுதியதுபோல இருந்தன. மேலே இருந்த வரி முதலில் வெளிறியது, பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஆனது. இதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கறுப்பு எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் மீந்த எனாமல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் அரை நாள் வேலை. ஒப்புதல் வரட்டும் என்று இருந்துவிட்டேன். விதிப்படி நடந்தவன் என்று என் பணிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் கர்ப்பிணிகளுக்கான உணவுப் படம் வரைந்துகொண்டிருந்தேன். முன்பகல் நேரம். ஓர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் ஏழுமலையைத் தாங்கி இறக்கினார்கள். பின்னால் கன்னியம்மா. குடித்திருக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். கண்கள் பாதி மூடியிருந்தன, தலை நிற்கவில்லை.

“எப்ப கடிச்சுது?” என்று டாக்டர் கேட்டார்.

“விடியறதுக்கு முன்னாடிம்மா” என்றார் கன்னியம்மா. “எறும்பு கடிச்ச மாதிரி இருக்குதுன்னு திரும்பிப் படுத்துட்டாரு. வெளிச்சம் வந்தப்பறம் பாயை சுருட்டனேன், அடியில இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்யான்னேன். பக்கெட்ல புடிச்சிக்கினு செவுத்தாண்ட போய்ப் பாத்துட்டு வந்தாரு. கழுத்துலேர்ந்து பட்ட இருக்குதுடி, இது வெள்ளிக்கோல் வரையன், அதுக்கு விஷம் கெடையாது, சாரே எழுதியிருக்காருன்னு சொல்லிட்டுக் கடைய தொறந்துட்டாரு. அப்புறம் வயித்த வலின்னாரு. சோடா குடிச்சாரு. அப்புறம் கண்ணு தொறக்க மாட்டேங்குது.”

டாக்டர் அதுவரை கேட்டுக்கொண்டே ஊசி போட ரத்தக் குழாய் தேடிக்கொண்டிருந்தார். சாரே எழுதியிருக்காரு என்ற இடத்தில்கூட அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ரத்தம் சீசாவில் உறைந்தது. “இது நரம்புக்குப் போற விஷம்” என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு மருந்தை ஏற்றினார். “ஏழுமல, ஒரே மூச்சுல எண்ணு.” அவர் எண்ணினார். மூன்றைத் தாண்டவில்லை. என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். இமைக்குக் கீழே இருந்த கீற்று என் பக்கம் திரும்பியது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு புரளவில்லை.

பிறகு மூச்சு மேலோட்டமாகிக்கொண்டே போனது. டாக்டர் ரப்பர்ப் பையும் முகமூடியும் எடுத்து அவர் முகத்தில் பொருத்தினார். ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் அமுக்கினார். செவிலியர் அடுத்த மருந்துப் புட்டிகளைக் கலக்கிக்கொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை.

“ஆர்ட்டிஸ்ட், பிரஷ்ஷ கீழ போடுங்க. இத அமுக்குங்க.”

“எப்படி மேடம்?”

“நீங்க மூச்சு விடறப்ப அவருக்கும் விடுங்க. வேகமா வேணாம். மார்பு ஏறுதான்னு மட்டும் பாருங்க.”

ஆம்புலன்ஸ் வரும் வரை அமுக்கினேன். பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் வண்டியில் இருந்த உதவியாளரோடு மாற்றி மாற்றி அமுக்கினேன். கையில் கர்ப்பிணிப் படத்தின் பச்சை எனாமல் ஒட்டியிருந்தது, பையிலும் ஒட்டிக்கொண்டது. நான் அமுக்கினால் மார்பு ஏறியது, விட்டால் இறங்கியது. அவ்வளவு நேரம் நான் வேறு எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அங்கே இயந்திரத்தில் வைத்தார்கள். மறுநாள் காலை இறந்துபோனார். கட்டுவிரியன் விஷம் நரம்பில் போய் உட்கார்ந்துவிட்டால் மருந்தால் அதை எளிதில் எடுக்க முடியாது, முன்னாலேயே மருந்து ஏறியிருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். விளக்கினார், குற்றம் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை ஓய்வு பெறும் வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

சுவர் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்னை ஜீப்பில் அழைத்துப் போனார். எட்டுப் பாம்புகளையும் சுரண்டி, வெள்ளை இரண்டு கை பூசினேன். அந்த ஒரே வரியைச் சுவர் முழுவதற்கும் கறுப்பில் எழுதினேன். இப்போதும் அந்த ஊரில் பாம்பு வந்தால் அடித்துவிடுகிறார்கள், முன்னைவிட விரைவாக. அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. இதழுக்குப் பறவைகளைப் பற்றி எழுதினேன். பாம்பைப் பற்றி எழுதவில்லை.

பிரகாஷும் அவர் நண்பர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். உங்கள் கைப்பேசி சொல்கிற பெயர் சரியாகவே இருக்கலாம். சுவரில் நான் எழுதிய எட்டும் சரியானவை, இன்றைக்கும் அதில் ஒரு கோட்டைக்கூட மாற்ற மாட்டேன். பெயர் கிடைத்ததும் மனிதர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் சொல்வதில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதை டாக்டரிடம்கூட நான் சொன்னதில்லை, அவர் கேட்கவும் இல்லை.

பால் தெளித்த அன்று சாயங்காலம் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமியானா இன்னும் பிரிக்கவில்லை. கன்னியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார்” என்று சொல்லிப் பின்பக்கம் நடந்தார். குளியலறைச் சுவரோரம் நீல நிறப் பிளாஸ்டிக் பக்கெட், மேலே பலகை, பலகைமேல் ஒரு கல். கன்னியம்மாவின் அண்ணன் தம்பிகள் நான்கைந்து பேர் கம்போடு தள்ளி நின்றார்கள்.

“அன்னிக்குப் புடிச்சது” என்றார் கன்னியம்மா. “இவங்க அடிக்கறேன்னாங்க. நான் வுடல. ஆட்டோல ஏறறப்ப, அத அடிக்காத, சாருக்குக் காட்டுன்னு சொன்னாரு. அதான் கடசியா எனக்குப் புரிஞ்ச பேச்சு.”

கல்லை எடுத்துவிட்டுப் பலகையைச் சற்று நகர்த்தினேன். அடியில் சுருண்டு கிடந்தது, உயிரோடு. என் முன்கையைவிடக் கொஞ்சம் நீளம். கட்டுவிரியன் குட்டி. கழுத்துக்குப் பின்னாலிருந்தே முதுகில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தொடங்கி, போகப்போகப் பட்டையாகி, வால்வரை தெளிவாக இருந்தன. குட்டிப் பருவத்தில் அப்படித்தான் இருக்கும், வளர்ந்த பிறகு முன்பக்கத்துப் புள்ளிகள் மறைந்துவிடும் என்று ஒரு புத்தகத்தில் ஒரு வரி படித்திருந்தேன். உயிரோடு பார்த்ததில்லை. பார்க்காததை வரைவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அதனால் வளர்ந்ததை மட்டும் வரைந்தேன்.

அது மிகவும் அழகாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

“இதுக்கு விஷம் இருக்குதா சார்?” என்றார் கன்னியம்மா.

“இருக்குதும்மா.”

“அப்ப செவுத்துல இருக்கறது?”

“அதுவும் சரிதான். இது குட்டி. குட்டிக்குப் பட்ட வேற மாதிரி இருக்கும்.”

அவர் குனிந்து பக்கெட்டுக்குள் பார்த்தார்.

“குட்டிய நீங்க போடலியே சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. ரேஷனில் பாமாயில் போடவில்லை என்பதுபோலச் சொன்னார். தம்பிகளில் ஒருவன், “அக்கா, நவுரு” என்று கம்பை எடுத்துக்கொண்டு வந்தான்.

“வேணாண்டா” என்றார் கன்னியம்மா. “சார் எடுத்துக்கினு போவாரு.”

பலகையைக் கயிற்றால் கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பக்கெட்டை வைத்து, ஊரைத் தாண்டிப் பாறைகள் குவிந்து கிடக்கும் இடத்துக்குப் போனேன். பக்கெட்டைச் சாய்த்தேன். அது பாறை இடுக்குக்குள் போனது. ஏரியில் பக்கெட்டை இரண்டு முறை கழுவி, திரும்பிப் போய்க் கொடுத்தேன்.

கன்னியம்மா வாங்கிப் பார்த்தார். கழுவியிருந்ததைக் கவனித்தார். குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்து, வாசலில் நின்ற ஆட்கள் கைகால் கழுவுவதற்கு வைத்தார். எனக்கும் ஒரு சொம்பு மொண்டு நீட்டினார்.